ஒரு படி ஊதாக்கல்

அத்தியாயம் 9

அப்பாதுரை சுவிட்சை அணைத்ததும் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்த வேலையை ஒரு நொடி நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு அமைதியைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இரவும் பகலும் பின்கட்டில் கடகடவென்று உருண்டுகொண்டிருந்த டப்பா அது. "இன்னாங்க ஓயாம அரைக்கிறீங்க, ஓட்டல் கீட்டல் ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டு தனம் கேட்டபோது, "கல்லு அரைக்கிறோம்" என்று வெள்ளையம்மாள் உண்மையைத்தான் சொன்னாள். தனம் கோபித்துக்கொண்டு போனவள், இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கூடவே வருகிறவர்களுக்குக் கதை தெரியும். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக இரண்டு வாய் மட்டும்.

வேங்கிக்காலில் புது வீடு கட்டிக்கொண்டு வந்த குடும்பம் இது. அப்பாதுரை டவுனில் கிரைண்டர், மிக்சி ரிப்பேர்க்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி வெள்ளையம்மாள். மகன் திருமலைக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. மருமகள் வினோதினி, கல்யாணத்துக்கு முன்னால் செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு மணிமாலை கோத்து விற்கும் கடை ஒன்றில் இருந்தவள். மகள் கவிநிலாவுக்கும் கீழ்பென்னாத்தூர் மாறனுக்கும் நிச்சயமாகி, ஐப்பசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு எல்லோரும் கொடுக்கிற வெள்ளிக் குங்குமச்சிமிழுக்குப் பதிலாக, நாமே கல் உருட்டி, வெள்ளிக்கம்பி சுற்றி ஆளுக்கொரு டாலர் செய்து கொடுத்தால் என்ன என்று ஆரம்பித்தவள் வினோதினிதான். கவிநிலாவின் முகூர்த்தப் புடவை கத்திரிப்பூக் கலர். அதனால் கல்லும் ஊதா.

மாமனார் பழைய கிரைண்டர் மோட்டாரை எடுத்து, பெயின்ட் டப்பாவின் உள்ளே லாரி டியூபை ஒட்டி, பெல்ட் மாட்டிக் கொடுத்தார். முதல் தடவை வினோதினி அழகைப் பார்த்து ஏமாந்தாள். ஊதாவும் பச்சையுமாக வரி ஓடிய மிருதுவான கல்லையும், செவ்வந்திக்கல் என்கிற கெட்டியான ஊதாக்கல்லையும் ஒன்றாகப் போட்டுவிட்டாள். பத்து நாள் கழித்துத் திறந்தால், கெட்டிக் கல் மிருதுக் கல்லைத் தின்றுவிட்டிருந்தது. டப்பாவில் பாதி சேறு. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. இரண்டாவது தடவை கெட்டிக்கல்லை மட்டும் தேர்ந்தெடுத்துப் போட்டு, சாணைப்பொடியை வாரத்துக்கு வாரம் நைசாக மாற்றி, கடைசியாகப் பாலிஷ் பொடியும் போட்டு, இன்றைக்குத்தான் திறக்கிறார்கள்.

இத்தோடு போயிருந்தால் கதை ஏது?

"ஊதாவாம்ல? நீலக்கல்லா அது?" என்று மாறனின் அம்மா, சம்பந்தி ராணியம்மாள் எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டாள். நீலக்கல் சனியின் கல். அதை வாங்கியவுடன் எடுத்து மாட்டிக்கொள்கிற தைரியம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. துணியில் வைத்துத் தைத்து மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார்கள். நல்ல கனவு வந்தால் கல் விரலுக்கு ஏறும். கெட்ட கனவு வந்தால் கடைக்குத் திரும்பும். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார், சனி விஷயத்தில் யார் வாதாடுவது?

"ஒரு கல்ல மஞ்சத்துணியில வச்சுத் தச்சு மாறன்கிட்ட குடுத்தனுப்புங்க. படுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன். ஆவலன்னா..." என்று சொன்ன ராணியம்மாள், ஆகாவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. போன வருஷம் கவிநிலாவுக்குப் பேசி முடித்த ஒரு சம்பந்தம், நிச்சயமான வாரத்திலேயே மாப்பிள்ளையின் பெரியப்பா மாடியிலிருந்து விழுந்ததால் நின்றுபோனது. பெரியப்பா பிழைத்துக்கொண்டார். சம்பந்தம் பிழைக்கவில்லை.

மஞ்சள் துணிப் பொட்டலம் மாறன் வழியாகப் போய்ச் சேர்ந்தது. இன்று காலை ராணியம்மாள் போன் செய்திருந்தாள். "மூணு ராத்திரி ஆயிடுச்சு. நேர்ல வரேன், பேசணும்" என்றாள். அவ்வளவுதான். குரலில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

*

வினோதினி டப்பாவின் மூடியைத் திறந்து வெள்ளைச் சேற்றை வாளியில் கவிழ்த்தாள். இரண்டு கையாலும் அள்ளித் தண்ணீரில் அலசினாள். அலச அலசக் கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முனை இல்லை, கீறல் இல்லை, ஒவ்வொன்றும் நாவல்பழம்போல் வழவழவென்று இருந்தது.

"அய்ய, என்னா அழகா இருக்குது அண்ணி" என்றாள் கவிநிலா. ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. அவள் இரண்டாம் வகுப்பு டீச்சர்.

வினோதினிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சேற்றுக்குப் பிறகு இந்த ஒரு மாதமாக அவள் நிம்மதியாகத் தூங்கியதில்லை. வீட்டுக்கு வந்த மருமகள் ஒன்றைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அது இரண்டாம் தடவையும் சேறாகிப்போனால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

"மாடியில காய வச்சுட்டு வரேன்" என்று வெள்ளையம்மாள் தட்டை எடுத்தாள்.

"வேணாம் அத்தை. வெயில்ல போட்டுப் போட்டு எடுத்தா கலர் வெளுத்துடும். ஃபேனுக்குக் கீழ வைங்க."

"இது என்னாடி வத்தலவிட ஜாஸ்தி பவுசு பண்ணுது" என்று முணுமுணுத்துக்கொண்டே வெள்ளையம்மாள் உள்ளே போனாள். வழக்கமாக இன்னும் நாலு வார்த்தை சொல்வாள். காலை போனுக்குப் பிறகு அவள் பேச்சே கம்மிதான்.

உருண்டு வந்தது அத்தனை பேருக்கும் போதாது. இன்னும் ஒரு படி கல்லாவது போடவேண்டும். காங்கேயம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த புதுச் சாக்கைப் பின்கட்டில் கொட்டினார்கள். பார்த்தால் கருங்கல் ஜல்லிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தண்ணீரில் முக்கி எடுத்தால்தான் உள்ளே இருக்கிற ஊதா தெரியும். பாலிஷ் ஏறினால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஈரம்தான் ஜாமீன்.

வினோதினி ஒவ்வொன்றாக முக்கி எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். விரிசல் இருந்தால் ஒதுக்கினாள். விரிசலுக்குள் சாணைப்பொடி போய் உட்கார்ந்துகொண்டால் பிறகு கல்லில் கறுப்புக் கோடு விழும், என்ன தேய்த்தாலும் போகாது. நிறம் வெளிறியதையும் ஒதுக்கினாள். சந்தேகம் வந்தால் கத்தி முனையால் ஒரு கீறு. கீறல் விழுந்தால் மிருதுக் கல், வெளியே. விழாவிட்டால் படிக்குள்.

வெள்ளையம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கூடவே பொறுக்கினாள். இத்தனை வருஷம் கல்லைப் பொறுக்கி எறிந்து அரிசியை வைத்துக்கொண்ட கை அது. அந்தக் கண்ணுக்கு விரிசல் தப்பாது. ஆனால் இன்றைக்குக் கண் முறத்தில் இல்லை. நல்ல கல்லை ஒதுக்கி, ஓட்டைக் கல்லைப் படியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா அத்தை, இதப் போய் போடுறீங்க?"

வெள்ளையம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வினோ."

"சொல்லுங்க அத்தை."

"அந்த மஞ்சத்துணியில நான் கல்லு வைக்கல."

வினோதினிக்குப் புரியவில்லை. "பின்ன?"

"கொட்டப்பாக்கு."

வினோதினிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பாதியில் அது நின்றுவிட்டது.

"ஏன் அத்தை இப்படி செஞ்சீங்க?"

"பின்ன இன்னாடி பண்றது? நெசமாவே கல்ல வச்சு, அந்தம்மாவுக்கு ராத்திரி பூனை துரத்துற மாதிரி கனவு வந்தாகூட நம்ம பொண்ணு தலையிலதானே விடியும்? பாக்குமேல படுத்தா இன்னா கனவு வந்துடப் போவுதுன்னு நெனச்சேன். அதே சைசுல ஒண்ணு பொறுக்கி வச்சு, நானே இறுக்கத் தச்சுட்டேன். உங்க மாமாவுக்குகூட தெரியாது."

"அம்மா."

கவிநிலா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள்.

"அவங்க துணிய பிரிச்சுப் பார்த்திருந்தா?"

 அதற்குத்தான் நேரில் வருகிறாளோ என்று வெள்ளையம்மாளும் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள்.

போன வருஷ சம்பந்தம் நின்றபோது கவிநிலா அழவில்லை. மறுநாளே பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தாள். இந்தத் தடவை அப்படி இருக்க முடியாது என்று அவளுக்கே தெரியும். மாறன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். நிச்சயத்துக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே ஐந்து நிமிஷம் சும்மா வேனை நிறுத்தி வைப்பான். இறங்க மாட்டான், பேச மாட்டான். அவள் மொபெட்டில் தாண்டிப் போகும்போது ஹாரன் மட்டும் ஒரு தரம் அடிப்பான். அந்த ஹாரனுக்காக அவள் தினமும் தலை பின்னிக்கொள்ளக் கூடுதலாக நேரம் எடுத்துக்கொள்கிறாள்.

"வந்த உடனே நாமளே சொல்லிடலாம் அத்தை" என்றாள் வினோதினி.

"சொன்னா ஏமாத்துக்கார குடும்பம்னு எழுந்து போயிடுவாங்க."

"அவங்களா கண்டுபிடிச்சா மட்டும்?"

"நல்ல கனவு வந்திருந்தா? அப்ப நாமளே போய் வாயக் குடுத்து மாட்டிக்கறதா?"

"சொல்லிடும்மா" என்றாள் கவிநிலா.  "நல்ல கனவு வந்திருந்தாலும் சொல்லிடு. அந்த வீட்ல நான் இருக்கப்போறேன். ஒவ்வொரு தடவ கொட்டப்பாக்கப் பார்க்கும்போதும் திக்குனு இருக்கும் எனக்கு."

வெள்ளையம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு முறத்தை எடுத்து, தான் படியில் போட்ட ஓட்டைக் கல்லையெல்லாம் பொறுக்கி வெளியே எடுக்க ஆரம்பித்தாள். சரி என்பதை அவள் வாயால் சொல்வது வழக்கமில்லை.

*

நேற்றுப் பௌர்ணமி. மலை சுற்றிய ஜனம் இன்னும் பஸ் ஸ்டாண்டில் மூட்டையும் முடிச்சுமாகக் கிடந்தது, ஒரு பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை. காலையிலேயே வந்துவிடுவாள் என்று எதிர்பார்த்த ராணியம்மாள், உச்சி வெயிலில்தான் குடையோடு வந்து சேர்ந்தாள். அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

ஒல்லியான, நிமிர்ந்த மனுஷி. புருஷன் கோதண்டராமன் இறந்து பதினோரு வருஷம். நிலத்தைத் தனியாளாகப் பார்த்து, மகனுக்கு வேனும் வாங்கிக் கொடுத்தவள். அதிகம் சிரிக்க மாட்டாள்.

"வாங்க சம்பந்தி. வெயில்ல வந்திருக்கீங்க. மோர் எடுத்தா கவி" என்ற வெள்ளையம்மாளின் கை, நாற்காலியைத் துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்துக்கொண்டிருந்தது.

ராணியம்மாள் மோரைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று வெள்ளையம்மாள் ஆரம்பித்தாள்.

"மொதல்ல நான் சொல்லிடறேன்" என்றாள் ராணியம்மாள்.

பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள். தையல் பிரிந்திருந்தது. ஃபேனுக்குக் கீழே தட்டில் காய்ந்துகொண்டிருந்த ஊதாக் கற்களுக்கு நடுவே, துணியிலிருந்ததைத் தட்டிக் கவிழ்த்தாள். கொட்டைப்பாக்கு உருண்டு போய் ஒரு கல்லின்மேல் சாய்ந்து நின்றது.

"இது இன்னா கல்லு சம்பந்தி?"

அப்பாதுரைக்குக் கடையில் ஏதோ அவசர வேலை இருந்தது நினைவுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை என்பது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

"கொட்டப்பாக்கு" என்றாள் வெள்ளையம்மாள். "நாந்தான் வச்சேன். அதத்தான் சொல்ல வந்தேன். பொண்ணுக்குத் தெரியாது, மருமவளுக்கும் தெரியாது. போன வருஷம் ஒருத்தரு மாடியிலேர்ந்து விழுந்ததுக்கு என் பொண்ணு ராசிய கொற சொன்னாங்க. இந்தத் தடவ கனவுக்கும் சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன். தப்புதான். என்னைத் திட்டுங்க, அவள விட்டுடுங்க."

 கவிநிலா சமையலறை வாசலில் காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொத ராத்திரி நல்லாத்தான் தூங்கினேன்" என்றாள் ராணியம்மாள். "ரெண்டாம் ராத்திரி மாறனோட அப்பா வந்தாரு. ரோட்டுல சைக்கிள்ல போறாரு. பின்னாடி லாரி. நான் கூப்புடறேன், அவரு திரும்பல. அந்தக் கனவு வந்து எத்தினியோ வருஷம் ஆச்சு. எழுந்து உக்காந்துட்டேன். விடிஞ்சதும் சம்பந்தம் வேணாம்னு சொல்லிடறதுனு முடிவும் பண்ணிட்டேன்."

கவிநிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கல்லத் திருப்பி அனுப்பணுமே, எப்படித்தான் இருக்குதுன்னு பார்த்துடலாம்னு தையலப் பிரிச்சேன். பார்த்தா பாக்கு. கோவம் வந்துச்சு பாருங்க, உங்க வீட்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரையும் திட்டினேன். நல்லவேள மாறன் வேன் எடுத்துட்டுப் போயிட்டான்."

"நல்லா திட்டுங்க" என்றாள் வெள்ளையம்மாள்.

"திட்டி முடிச்சப்புறம் யோசிச்சேன். பாக்குமேலதானே படுத்திருந்தேன்? அப்ப அந்தக் கனவு எங்கேர்ந்து வந்துச்சு? நேத்து ராத்திரி பாக்கையும் வெளிய எடுத்து வச்சுட்டு, வெறும் தலகாணியில படுத்தேன். அப்பவும் வந்தாரு. அதே ரோடு, அதே லாரி." ராணியம்மாள் மஞ்சள் துணியை நாலாக மடித்தாள். "கனவு எங்கிட்டதாம்மா இருக்குது. உங்க வீட்டுக் கல்லுல இல்ல. நீங்க மட்டும் நெசமா கல்ல வச்சிருந்தீங்கன்னா, நேத்தே இந்தக் கல்யாணம் நின்னுருக்கும்."

வெள்ளையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாழ்க்கையில் செய்த ஒரே திருட்டு வேலைக்கு இப்படி ஒரு பலன் கிடைக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இரண்டும் கலந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டு ராணியம்மாளுக்கே வாயோரம் லேசாக இழுத்தது.

"கல்யாணம் நடக்கும். நீ போய் அந்த டம்ளர வையி கண்ணு, நசுங்கிடப் போவுது" என்றாள் கவிநிலாவைப் பார்த்து.

கவிநிலா உள்ளே போனாள். அடுப்படியில் குழாய் வெகுநேரம் ஓடியது.

*

ஆனால் ராணியம்மாள் எழுந்திருக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளி மோதிரத்தை எடுத்தாள். நடுவில் கருநீலமாக ஒரு கல்.

"உன்னாலதாம்மா ஆவணும்" என்றாள் வினோதினியிடம். "நீ கல்லக் கீறிப் பார்த்தே எது எதுன்னு சொல்லிடுவேன்னு மாறன் சொன்னான். இது நீலம். இதுவும் உன் கல்லும் ஒண்ணா, வேறயான்னு எனக்குப் பார்த்துச் சொல்லு. வேறதான்னு கண்ணால பார்த்துட்டா, எங்க வீட்டுப் பொம்பளைங்க கழுத்துல மாட்டறப்ப எனக்கு உறுத்தாது."

வினோதினிக்கு இது சுலபமான வேலை. செவ்வந்திக்கல்லைவிட நீலம் ரொம்பக் கெட்டி. நீலத்தை வைத்துத் தேய்த்தால் ஊதாக்கல்லில் கோடு விழும். விழுந்தால் இரண்டும் வேறு என்று ஆகிவிட்டது. பின்கட்டிலிருந்து உருட்டாத கல் ஒன்றை எடுத்து வந்து, மோதிரத்தின் கல்லை அதன்மேல் அழுத்தி இழுத்தாள்.

கோடு விழவில்லை. வழுக்கிக்கொண்டு போனது.

இன்னொரு தரம் இழுத்தாள். அப்போதும் இல்லை.  இரண்டும் ஒன்றுதான் என்று ஆகிவிடுமா? இப்போதுதான் மூச்சு விட்டிருக்கும் வீடு இது.

பிறகு அவளுக்கு வேறொன்று தோன்றியது. மாற்றிச் செய்தாள். ஊதாக்கல்லின் கூரான முனையை மோதிரக் கல்லின்மேல் வைத்து மெதுவாக இழுத்தாள். வெள்ளையாக ஒரு கோடு. விரலை நனைத்துத் துடைத்துப் பார்த்தாள். பொடி போய்விட்டது, கோடு அப்படியே இருந்தது.

"என்னாம்மா?" என்றாள் ராணியம்மாள்.

"இது நீலம் இல்லம்மா."

"இன்னா சொல்ற?"

"நீலமா இருந்தா என் கல்லு அதுமேல ஒண்ணும் பண்ண முடியாது. இத கீறிடுச்சு பாருங்க. இது கண்ணாடி. கலர் போட்ட கண்ணாடிம்மா."

ராணியம்மாள் மோதிரத்தை வாங்கி ஜன்னல் பக்கம் போய் அந்தக் கோட்டைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். திரும்பி வந்து அவளே ஊதாக்கல்லை எடுத்து இன்னொரு கோடு போட்டாள். பிறகு இன்னொன்று. மூன்றாவதும் போட்டுவிட்டுக் கல்லைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் போட்டுவிட்டேன்" என்றாள். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "ஏழரை நடக்குது, நீலம் போட்டா நல்லதுன்னு ஜோசியர் சொன்னாரு. மாறன் அப்பா வேணாம்னாரு, பயந்தாரு. நாந்தான் கட்டாயப்படுத்தி ஒரு சனிக்கிழம காலைல வெரல்ல மாட்டிவிட்டேன். அந்த மாசம் முடியல. லாரி அடிச்சிடுச்சு. இத்தினி வருஷமா அந்தக் கல்லு அவருக்கு ஆவலன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். நானே மாட்டிவிட்டு, நானே அவரக் கொன்னுட்டேன்னு..."



 வெள்ளையம்மாள்தான் தரையில் இருந்தபடியே நகர்ந்து போய் அவள் முழங்காலில் கை வைத்தாள்.

"கண்ணாடிக்கு ஏது சம்பந்தி சனி?" என்றாள். "வளையல்ல போடற கண்ணாடி. அது யார இன்னா பண்ணும்? லாரிக்காரன் கண்ணசந்துட்டான். அவ்ளோதான்."

ராணியம்மாள் அழுதாள். அந்த நிமிர்ந்த மனுஷி குனிந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். வெள்ளையம்மாள் கையை எடுக்கவில்லை. கவிநிலா ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அழுது ஓய்ந்தபோது ராணியம்மாளின் முகம் பத்து வயது குறைந்திருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். சோறு போடு என்று அவளாகவே கேட்டாள். நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினாள்.

சாப்பிட்டு முடித்ததும் கல் தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எங்க பக்கத்துல யாருக்கு எதுன்னு நானே எடுத்துக் குடுத்துடறேன். இல்லாட்டி உன் கல்லு பெருசு, என் கல்லு சிறுசுனு பந்தலுக்குள்ளயே சண்டை வரும்."

ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நாத்தனாருக்கு ஒன்று, ஓரகத்திக்கு ஒன்று, அவள் மகளுக்குச் சின்னதாக ஒன்று. ஓரகத்திக்குப் போனது மட்டும் தட்டிலேயே வெளிறிய கல் என்பதை வினோதினி கவனித்தாள். 

"எனக்கு?" என்று கேட்டுவிட்டு, ராணியம்மாளே தேடினாள். கடைசியில் அவள் எடுத்தது, இருப்பதிலேயே அடர்த்தியான ஊதா, ஒரு பொட்டு மாசு இல்லாதது. கவிநிலாவுக்கென்று வினோதினி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த கல்.

வினோதினி தன் நாத்தனாரைப் பார்த்தாள். கவிநிலா தலையை ஆட்டினாள், முகமெல்லாம் சிரிப்பு.

"எடுத்துக்குங்கம்மா. உங்களுக்குன்னே உருண்டு வந்தது" என்றாள் வினோதினி. பின்கட்டில் இன்னொரு படி கல் காத்திருக்கிறது. கவிநிலாவுக்கு வேறு கிடைக்காமலா போய்விடும்?

கூடத்தில் இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாதுரைகூடச் சத்தமில்லாமல் திரும்பி வந்து, நிலைமையை வாசலிலிருந்தே மோப்பம் பிடித்து, ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் வெள்ளையம்மாள் அதைக் கேட்டாள். வாய் சும்மா இருக்காதே.

"ஏன் சம்பந்தி, இத்தினி நேமம் பார்க்கறவங்க, அப்ப அந்த மோதிரத்த மூணு ராத்திரி வச்சுப் பார்க்கலியா?"

"நான் வச்சுப் பார்க்கல. எங்க அண்ணன் பார்த்தாரு" என்றாள் ராணியம்மாள். "எருமைய வித்த பணத்த அவருகிட்டதான் குடுத்தேன். மெட்ராசுல நல்ல நீலமா வாங்கி, தானே மூணு ராத்திரி தலகாணிக்குக் கீழ வச்சுப் படுத்துப் பார்த்துட்டேன், நல்ல கனவுதான் வந்துச்சுன்னு கொண்டாந்து குடுத்தாரு."

சொல்லிக்கொண்டே வந்தவள், சொல்லி முடித்ததும் மோதிரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

 ராணியம்மாளின் அண்ணன் ஆதிமூலத்தை எல்லோருக்கும் தெரியும். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் தாம்பூலம் மாற்றியவர் அவர். மாறனுக்குத் தாய்மாமன். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர்தான் முதலில் போகப்போகிறது.

"அவரையே யாராவது ஏமாத்தியிருக்கலாம்மா" என்றாள் வினோதினி மெதுவாக. "கடையில தெரியாம குடுத்திருப்பாங்க."

"இருக்கலாம்" என்றாள் ராணியம்மாள். கோபமாகத் தெரியவில்லை. மோதிரத்தை எடுத்துப் பழையபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஊதாக்கல்லை மறுகையில் வைத்துக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இங்க போன் இருக்குதில்ல?"

கவிநிலா அலமாரி மேலிருந்த போனைக் காட்டினாள். ராணியம்மாள் எண்ணைப் பார்க்காமலே சுழற்றினாள். மறுமுனையில் மணி அடிப்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. யாரோ எடுத்தார்கள்.

"அண்ணே, நான் ராணி பேசறேன்" என்றாள். அவ்வளவு இதமான குரலை அந்த வீட்டில் யாரும் அவளிடம் அதுவரை கேட்டதில்லை. "சாப்டீங்களா?"